உப்புக் கம்மி

ஊத்துக்கோட்டைப் பக்கம் கல்யாணமென்றால்
ஐந்நூறு இலைக்குச் சாம்பார் இறக்குகிறவர்
என் வீட்டுக்காரர் முனிரத்தினம்.
பெண் வீட்டார் பந்தலுக்குப் பின்னால் வந்து
"மாஸ்டர், ரெண்டே ரெண்டு காபி" என்று கெஞ்சுவார்கள்.
திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்.

அதே மனிதர்
வீட்டில் ரெண்டு தக்காளியைக் கரைத்தால்
எதிர்வீட்டுச் சன்னல் திறந்துகொள்கிறது.
"ஏம்மா, உனக்கு உடம்புக்கு முடியலையா?"
தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை.
எல்லையெல்லாம் செக்போஸ்டில் லாரிக்குத்தான்,
இந்தக் கேள்விக்கு இல்லை.

போன தையில்
கொதிக்கிற எண்ணெய் காலில் சாய்ந்ததிலிருந்து
அவருக்கு முகூர்த்தம் இல்லை.
நான் சத்தியவேட்டுக்கு அந்தண்டை
போன் மூடிக்குத் திருகாணி போடுகிறேன்.
நாலு நாற்பதுக்குக் கம்பெனி பஸ்.
பாதித் தூக்கத்தில் ஆந்திரா வந்துவிடும்.

லிகிதாவுக்குத் தலைவாரிவிடுவது அவர்தான்,
வாழையிலைக் கட்டைக் கட்டுவதுபோல இழுத்து இறுக்கி.
பிள்ளையின் புருவம் ரெண்டும் மேலே ஏறி
நாளெல்லாம் ஆச்சரியப்பட்டபடி பள்ளியில் உட்கார்ந்திருக்கும்.
"அம்மா ஊரில் இல்லையா?" என்று டீச்சர் கேட்டாராம்.

துவைப்பதும் அவர்.
காயப்போடுவது மட்டும் நான்,
ஞாயிற்றுக்கிழமை, மாடியில், ஊர் பார்க்க.
என் பாவாடையை அவர் உதறுவதை
யாரும் பார்த்துவிடக் கூடாது.
இது அவர் போட்ட கட்டளை இல்லை.
நான் போட்டது.

தண்ணீர் ராத்திரி பதினொன்றுக்கு வரும்.
குடத்தை இடுப்பில் வைத்தால் பொம்பளை,
சைக்கிள் கேரியரில் கட்டினால் ஆம்பளை.
யார் எழுதி வைத்ததோ,
தெருவுக்கே மனப்பாடம்.
எட்டு வீடு தள்ளியிருக்கிற குழாய்க்கு
வெந்த காலை இழுத்துக்கொண்டு
சைக்கிளை உருட்டிப் போவார், உருட்டி வருவார்.
ஒருநாளும் ஏறி மிதித்ததில்லை.

வியாழக்கிழமை ஓவர்டைம்.
வந்ததும் வீட்டிலிருக்கிற ஒரே நாற்காலியில் சாய்ந்து
காலை நீட்டினேன்.
தட்டு வந்தது.
ஒரு வாய் வைத்து,
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"உப்புக் கம்மி" என்றேன்.

நாக்கிலிருந்து வந்தது என் அப்பா.
அதே இழுவை,
புறங்கையால் தட்டைத் தள்ளுகிற அதே தள்ளல்.
செத்து இருபத்திரண்டு வருஷமான மனிதர்
இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தார்?
அந்த நாற்காலியிலா?

கம்மியில்லை.
அப்போதே எனக்குத் தெரியும், சரியாகத்தான் இருந்தது.
அண்டாவுக்குக் கைக்கணக்கில் கல்லுப்பை அள்ளிப் போட்டு
ஒருநாளும் ருசி பார்க்காதவர்,
என் தட்டிலிருந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்து
"ஆமா, கொஞ்சம்" என்றார்.

அம்மாவும் இப்படித்தான் ஆமா சொல்வாள்.
முந்தானையைச் செருகிக்கொண்டு எழுவாள்.
இவர் லுங்கியைச் செருகிக்கொண்டு எழுந்தார்.
லிகிதா சாப்பிடுவதை நிறுத்தி
எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள்.

உப்பு ஜாடி வந்தது. போட்டுக்கொண்டேன்.
கரித்தது. முழுசும் தின்றேன்.

பதினொன்றுக்கு நானும் கூடப் போனேன்.
சைக்கிளில் காற்றில்லை.
ஆளுக்கொரு குடம்.
அவர் தூக்கித் தோளில் வைத்தார், நிற்கவில்லை.
தலையில் வைக்கப் பார்த்தார்.
கொஞ்சநேரம் கையிலேயே ஏந்தி நின்றார்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன குழந்தையை வைத்திருப்பதுபோல.
அப்புறம் இடுப்பில்.

எதிர்வீட்டில் லைட் எரிந்தது.

அவருக்குச் சட்டையெல்லாம் ஈரம்.
நான் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.
"சிந்துது பாருங்க, ஒழுங்கா நடங்க"
என்றுதான் வந்தது வாயில்.